கயிற்றில் கட்டிய திருப்புளி

ஈரேழு பதினாலு லோகத்திலும் திருப்புளி பிடிக்கத் தெரிந்த ஒரே மனிதர், நெல்லை டவுனில் மிக்ஸி பழுது பார்க்கும் குற்றாலலிங்கம்தான். இதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

முன்பெல்லாம் மதியச் சாப்பாடு கொண்டுவரும் மனைவி சித்ரலேகா, மேசையருகே நின்று அவர் வேலை செய்வதையே பார்ப்பாள். இப்போது அங்கேயே நின்று செல்போன் பார்க்கிறாள். அதில் வெள்ளை உடுப்பு போட்ட ஒருவன், பூமிக்கு மேலே மிதந்தபடி விண்வெளித் தொலைநோக்கியைப் பழுது பார்க்கிறான். ஒரு வாரமாக அதே வீடியோ, அதே ஆள்.

“ஏளா, திருப்புளியக் கயித்தால கையில கட்டியிருக்கான் பாரு. இல்லன்னா பறந்திருமாம். ஆட்டுக்குட்டியா அது? கட்டிப்போட்டாத்தான் நிக்கும்னா அது என்ன தொழிலு?”

“அவரு நாப்பது ஸ்குரு கழட்டுனாரு, நாப்பதையும் மாட்டிட்டாரு,” என்றாள் கண்ணை எடுக்காமல். “நீங்க நம்ம வீட்டு மிக்ஸிய மாட்டிட்டு ரெண்டு மிச்சம் வச்சிய.”

அந்த ‘அவரு’தான் குற்றாலலிங்கத்துக்குச் சுருக்கென்றது. கையிலிருந்த திருப்புளி நழுவியது. குனிந்து தேடினார். தரையில் அவள் செருப்பு மட்டும் கிடந்தது. அதற்கு ஒரு சாண் மேலே அவள் பாதங்கள் இருந்தன. நிமிர்ந்தபோது திருப்புளி அவர் காதருகே அந்தரத்தில் நின்றது.

அவள் இன்னும் வீடியோதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கென்று வாங்கி வைத்திருந்த பூப்பொட்டலத்தின் நூலை உருவினார். ஒரு முனையைத் தன் மணிக்கட்டில் கட்டினார். திருப்புளி போனால் போகட்டும். மறுமுனையை அவள் மணிக்கட்டில் கட்டினார்.