பத்துக்கு எத்தனை

கண் விழித்ததும் அவன் வலியைத் தேடினான்.

போர்வைக்குள் கை போய் வயிற்றில் போட்டிருந்த ஆபரேஷன் கட்டை அழுத்திப் பார்த்தது. முகம் சுளிக்கவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவிக்கு நிம்மதியாகத்தான் இருந்திருக்க வேண்டும். அந்தக் கை எதற்கு அங்கே போகிறது?

மயக்க மருந்து டாக்டர் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தார். மார்ஃபின் வகையறா ஒரு சொட்டும் கிடையாது. நரம்பை மரத்துப்போக வைக்க ஓர் ஊசி. சொட்டுச் சொட்டாக இறங்க வேறு இரண்டு மருந்து. கூட ஒரு பாட்டில் பாரசிட்டமால். ஒன்று செய்கிற வேலையை நாலும் சேர்ந்து செய்துவிடும் என்றார். செய்துவிட்டன.

முன்பு முதுகு ஆபரேஷனுக்குப் போட்ட அந்த வகை வலி ஊசி நாலு வருஷம் அவனை விடவில்லை. மருந்துக் கடை மருந்துக் கடையாக ஏறி இறங்கினான். மீண்டு பதினான்கு மாதம் ஆகிறது. இனி ஒரே ஒரு ஊசி போதும், பழையபடி ஆகிவிடுவான் என்று மறுவாழ்வு மையத்தில் எச்சரித்து அனுப்பியிருந்தார்கள்.

இதையெல்லாம் டாக்டரிடம் தனியாகச் சொன்னவள், கூடவே அவர் கையையும் பிடித்துக்கொண்டாள்.

"ஃபைல்ல மட்டும் எழுதிடாதீங்க டாக்டர். பொண்ணுக்கு நிச்சயம் ஆயிருக்கு."

எழுதவில்லை. அடுத்த ஷிஃப்டுக்கு வாயால் சொல்லிவிடுவதாகச் சொன்னார். அதற்குள் அவசரக் கேஸ் ஒன்று வந்து அவரை உள்ளே இழுத்துக்கொண்டது.

நாலு மணிக்குப் புது நர்ஸ் வந்தாள். பின்னாலேயே சாத்துக்குடிப் பையோடு சம்பந்தியம்மா.

"வலி எப்படி சார் இருக்கு? பத்துக்கு எத்தனை சொல்லுவீங்க?"

அவன் மனைவியைப் பார்த்தான். சட்டென்று பார்வையை எடுத்துக்கொண்டான்.

"பத்து."

அந்தக் குரலை அவளுக்குத் தெரியும். நாலு வருஷம் அதோடு குடித்தனம் நடத்தியவள்.

நர்ஸ் ஃபைலைப் புரட்டினாள். தடுக்க அதில் ஒரு வரியும் இல்லை. மார்ஃபின் ஊசிக்கு டூட்டி டாக்டர் போனிலேயே சரி என்றார்.

"அவருக்கு வலிக்கல சிஸ்டர்."

சம்பந்தியம்மா திரும்பிப் பார்த்தார். இவளும் ஒரு பெண்டாட்டியா என்பதுபோல.

"வலிய அவருதானேம்மா சொல்லணும்," என்றபடி நர்ஸ் மருந்து அறைக்குப் போய் ஊசியோடு திரும்பினாள்.

இனி ஒரே வழி. உண்மையைச் சொல்லிவிட வேண்டும், சம்பந்தியம்மா எதிரிலேயே.

அவள் வாயைத் திறந்தாள்.

அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். நல்ல திடமான பிடி.

"பொண்ண நெனச்சுப் பாரு," என்றான், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.