துண்டுக்குள் ஒரு விலை

உயிரின் விலை ஏழாயிரத்து ஐநூறு ரூபாய் என்று புதுக்கோட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தின் கண்ணாடிக் கதவில் ஒட்டியிருக்கிறது. உணவுக்குழாய்ப் புற்றுநோயை ஆர்.என்.ஏ. தடயத்தை வைத்து முன்கூட்டியே அறியலாமாம். மாட்டுத் தரகர் ராக்கன் உள்ளே நின்று பேரம் பேசுகிறார். "ஆறாயிரம்னு முடிங்க, தாயி." மேசைக்குப் பின்னாலிருக்கும் சத்யபிரியா, அவர் கொடுத்த, மனைவியின் எண்டோஸ்கோபி ரிப்போர்ட்டை மடித்துத் திருப்பித் தருகிறாள். "வெலை இல்லங்கய்யா பிரச்சினை. இது நோய் தலைகாட்டுறதுக்கு முந்திப் பாக்குறது. அம்மாவுக்கு முத்திருச்சுன்னு இதுலயே போட்டிருக்காங்களே." பெஞ்சில் அவர் மனைவி முனியாயி, ஆறிப்போன டீயில் ஏடு படிவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். குடித்த ஒரு வாயும் இறங்காமல் முந்தானையில் துப்பியாயிற்று. தீவனம் எடுக்காத மாட்டைச் சந்தையின் இந்தக் கோடியிலிருந்தே பார்த்துக் கழித்துவிடுகிற மனிதர், வீட்டில் மனைவியின் சோறு கஞ்சியானதையும் கஞ்சி நீராகாரமானதையும் பல்வலி என்று நம்பியிருக்கிறார். "அப்ப நோய் வாரதுக்கு முந்தின அந்த நாளுக்கே பாருங்க. எம்புட்டு ஆனாலும் தாரேன்," என்கிறார். சத்யபிரியா கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். நாலு பேர் முன்னால் விலை சொல்லக் கூசுகிறாள் போலும் என்று, மாட்டுச் சந்தையில் விலையை மறைத்துப் பேசுவதுபோல வலது கையைத் துண்டால் மூடி மேசைமேல் நீட்டுகிறார். உள்ளே கைவிட்டு, விரலைப் பிடித்து விலை சொல்ல வேண்டியது அவள் முறை. மின்விசிறி துண்டின் ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் போடுகிறது. முனியாயி எழுந்து வந்து தன் கையைத் துண்டுக்குள் விடுகிறாள். "வாங்க, போவோம்." அவர் நீட்டிய விரல்களை ஒவ்வொன்றாக மடக்குகிறாள். ஐந்தும் மடங்கிவிடுகின்றன. அவர் மறு கையின் ஐந்து விரல்களையும் விரித்துத் துண்டுக்குள் கொண்டுவருகிறார்.