மொதலாளி சென்றாயன்

“கண்ணாயக்கா, உங்க தம்பி மொதலாளி ஆயிட்டாருங்க!”

செம்மேட்டுல பஸ்ஸை விட்டு எறங்கின கண்ணாயியை வழிமறிச்சுச் சொன்னவர் தனபால். ரோட்டோரம் பெரிய லாட்ஜ் கட்டி வச்சிருக்கிறவர்.

“எந்தத் தம்பிங்க?”

“கூடப் பொறந்த சென்றாயன்தானுங்க. இப்பத்தான் ஆபீசுல பாத்துட்டு வாரேன். ஊடு கட்டறாரில்ல, அதுக்கு வந்திருந்தாரு. யாரு யாரு வேலை செய்யறாங்கன்னு ஆபீசர் கேட்டாரு. மொதப் பேரே உங்க பேருதான். ‘கண்ணாயி, என்கிட்ட கூலிக்கு வேலை பாக்கறவங்க’ன்னாரு!”

கண்ணாயிக்குச் சுருக்குன்னுச்சு.

மலை மேல இருக்கிற அந்தப் பைல் நாட்டுல ஒருத்தர் ஊடு எழும்பினா, சொந்தத்துல ஊட்டுக்கு ஒரு ஆள் வந்து கல்லு மண்ணு சொமந்து குடுக்கணும். வயிறாரச் சாப்பாடு உண்டு. கூலிங்கிற பேச்சே கெடையாது. தாரேன்னு யாராச்சும் வாய் தவறிச் சொல்லிட்டாக்கூட, அத்தோட அந்த ஊட்டு வாசலை மிதிக்க மாட்டாங்க.

“நெசமாத்தான் சொல்றீங்களா?”

“என் கண்ணு முன்னாலங்க! நானெல்லாம் உங்களை அப்பிடிச் சொல்லியிருப்பனா? எங்க லாட்ஜு கட்டறப்ப ஆபீசர் வந்து கேட்டதுக்குக்கூட, ‘கண்ணாயி எங்கக்காங்க, சும்மா ஒத்தாசைக்கு வந்திருக்காங்க’ன்னுதானே சொன்னேன்!”

அதுவும் நெசம்தான். தெனக்கூலி வாங்கிக்கிட்டு வேலை பார்த்த எடத்துல அவளை அக்காங்கிறார். சும்மா சொமக்கிற எடத்துல தம்பி அவளைக் கூலியாளுங்கிறான்.

கண்ணாயி நேரா தம்பி ஊட்டுக்கு நடந்தா. சுவரு ஜன்னல் ஒசரத்துக்கு வந்திருந்துச்சு. கீழே இருந்த சாந்துச் சட்டியை ஒரே எத்து. அது உருண்டு போய்க் கவுந்துச்சு.

“டேய், மொதலாளி!”

கல்லு எடுத்துக் குடுத்துக்கிட்டிருந்த சொந்தக்காரங்க எல்லாம் அப்படியே நின்னுட்டாங்க. சென்றாயன் தலையைச் சொறிஞ்சான்.

“அதுக்குள்ள சேதி வந்துருச்சா?”

“சொன்னியா, இல்லியா?”

“சொன்னேன்க்கா.”

“கூலிக்காரின்னு?”

“ஆமா.”

கண்ணாயி இதை எதிர்பார்க்கல. இல்லவே இல்லைன்னு சாதிப்பான், நாலு திட்டு திட்டிட்டு மறுபடியும் சட்டியைத் தூக்கலாம்னுதான் வந்திருந்தா.

“இந்த இடுப்புல தூக்கி வளத்தேனே சாமி, இந்த இடுப்புக்கா கூலி பேசற? சரி. இனி உன் ஊட்டுப் பக்கம் வந்தா என்னை ஏன்னு கேளு.”

திரும்பி நடந்தவளை, ஓடிவந்து கையைப் பிடிச்சு நிறுத்தினா பாப்பாத்தி. சென்றாயன் பொண்டாட்டி. யாரு பேசினதைச் சொன்னாலும் அவங்களாட்டமே பேசிக் காட்டாம அவளுக்குச் சொல்லத் தெரியாது.

“அண்ணி, கோவிச்சுக்கிட்டுப் போறதுன்னா முழுசாக் கேட்டுட்டுப் போங்க. நானும் அங்கதான நின்னேன்!” இல்லாத மூக்குக் கண்ணாடியை விரலால எறக்கிவிட்டுக்கிட்டு, ஆபீசராவே மாறிட்டா. “‘ஏனுங்க, உங்களுது சின்ன ஊடு. சொந்தக்காரங்க ஒத்தாசை. நீங்க வாரியத்துக்குப் பணமே கட்ட வேண்டாங்க. லாட்ஜு கட்டறவங்க எல்லாம் இதையே பொய்யாச் சொல்லித் தப்பிச்சுக்கறாங்க. இந்த மலையில நெசமாச் சொல்லக்கூடிய ஒரே ஆளு நீங்கதான். சொல்லிட்டுப் போவீங்களா!’”

“எந்த வாரியம்டி?”

“கட்டட வேலை செய்யறவங்களுக்குன்னு கவர்மெண்டு வச்சிருக்கறது அண்ணி. கட்டடம் கட்டற மொதலாளிங்க கட்டற பணத்துலதான் அது நடக்குதாம். வேலையில அடிபட்டா உதவும், வயசானா பென்சன் குடுக்கும். ஆபீசர் வேண்டாங்கறாரு, உங்க தம்பி ‘கட்டியே தீருவேன், எழுதுங்க சார்’ங்கறாரு. கதவுக்கு வச்சிருந்த காசு அதுக்குப் போயிருச்சு. மொதலாளி ஊட்டுக்கு இப்போதைக்குக் கதவு கெடையாது. என்ற பழஞ்சேலைதான்!”

சுத்தி நின்னவங்க சிரிச்சாங்க. கண்ணாயி சிரிக்கல.

“கதவைக் குடுத்தாடா மொதலாளின்னு பேரு வாங்கின? அத்தனை ஆசையா?”

சென்றாயன் அக்காவோட எடது கையைப் பார்த்தான். தனபால் லாட்ஜுல சாரம் சரிஞ்சு விழுந்ததுல இருந்து அந்தக் கை முழுசா நீளறதில்ல. சட்டியைத் தலைக்கு ஏத்த யாராச்சும் ஒரு கை குடுக்கணும்.

“நீ ஆஸ்பத்திரியில கெடந்தப்ப அந்த வாரியத்துலதான் போய் நின்னேன்க்கா. அங்க உன் பேரே இல்ல. பேரு சேக்கணும்னா, ‘ஆமா, இவங்க என்கிட்ட கூலிக்கு வேலை பாத்தாங்க’ன்னு கட்டடம் கட்டினவன் ஒருத்தனாவது சொல்லணுமாம். இந்த மலையில நீ கல்லு சொமக்காத லாட்ஜு ஏது? ஊடு ஊடாப் போய்க் கேட்டேன். அத்தனை பேரும் உன்னை அக்கான்னுட்டாங்க.”

ஒரு கல்லைத் தூக்கிச் சுவத்து மேல வச்சான்.

“அதான்... நான் உன்னைக் கூலியாளுன்னு சொன்னேன்.”

கண்ணாயி மூக்கை உறிஞ்சிக்கிட்டு, முந்தானையை இழுத்து இடுப்புல செருகினா. கவுந்து கெடந்த சட்டியைப் போய் எடுத்தா.

“இன்னிக்கு வேலைக்கு லேட்டாயிருச்சுங்க. அரை நாள் கூலியைப் புடிச்சுக்குவீங்களா, மொதலாளி?”