வம்சத்தின் முதல் வேலை

கருத்தரிப்பு மையத்தின் திரையில் மூன்றாம் நாளும் செண்பகத்தின் பெயரே ஓடிக்கொண்டிருந்தது. கருவில் உருவாகும் ஒவ்வொரு புரதமும் அம்மா, அப்பா இருவரில் யாருடைய மரபணு சொல்லி உருவாகிறது என்று அது காட்டும். அவளுடைய முந்தைய இரண்டு கருக்களும் இதே மூன்றாம் நாளில்தான் நின்றுபோயின. அவள் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

மாமனார் தணிகாசலம் பட்டு வேட்டியும் லட்டு டப்பாவுமாக வந்திருந்தார். "எங்க வம்சத்துப் பேரைக் காணோமே, மெஷின் ரிப்பேரா?"

"இதுவரைக்கும் அம்மா முட்டையில சேர்த்து வச்ச குறிப்பை வச்சுதான் வேலை நடக்குது சார்," என்றாள் டெக்னீஷியன் ரெஜினா. "அப்பா பக்கம் இனிமேதான் முழிக்கணும். முழிக்கலைன்னா கரு நின்னுடும்."

"உங்க பிள்ளை என்னிக்கு மாமா எட்டு மணிக்கு முன்னாடி எந்திரிச்சாரு?" என்றாள் செண்பகம்.

பத்தேகாலுக்குக் கணவன் பெயர் திரையில் வந்தது. அப்போதுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

தணிகாசலம் துண்டை உதறித் தோளில் போட்டார். "பாத்தியா, எங்க ரத்தம். என்ன செய்யுது?"

ரெஜினா படித்துப் பார்த்தாள். "அம்மாவோட பழைய குறிப்பெல்லாம் வேலை முடிஞ்சு கெடக்குல்ல சார், அதைக் கூட்டிப் பெருக்குது."

செண்பகம் கண்ணைத் துடைத்துக்கொண்டே டப்பாவைத் திறந்தாள்.

"லட்டு எடுங்க மாமா. உங்க வீட்டு ஆம்பளைங்க பக்கத்துலேர்ந்து துடைப்பத்தைத் தொட்டது இதான் முதல் தடவை."