பதினாலாம் எண்

"பதினாலு!"

"உள்ளேன் ஐயா."

வாத்தியார் பதிவேட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். பதினாலாம் எண்காரி ஆற்றோடு போய் இரண்டு மாதமாகிறது. ஜன்னலோரம் அவள் இடம் காலியாகத்தான் இருந்தது. ஆனால் தினமும் இப்படித்தான், சளி கட்டியது போன்ற ஒரு குரல்.

மீசை முளைத்த மூன்றாம் வருஷமே வேலைக்கு வந்தவர் அவர். சின்னப் பையன் என்று யாரும் இளக்காரமாக நினைத்துவிடக் கூடாதே என்று கறாராக ஒரு சட்டம் போட்டார்: மணி அடித்தபின் வந்தால் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

அன்று அவள் ஐந்து நிமிஷம் தாமதம். அனுப்பிவிட்டார். வீட்டுக்குப் போக அவள் கடக்க வேண்டிய ஆற்றில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது.

பதிவேட்டில் அவள் பெயரை அடிக்கக் கை வரவில்லை. பழக்கதோஷத்தில் ஒருநாள் எண்ணைக் கூப்பிட்டுவிட்டார், பதில் வந்தது. அதன்பிறகு கூப்பிடவும் பயம், கூப்பிடாமல் விடவும் பயம்.

வேடிக்கை என்னவென்றால், பிள்ளைகள் ஒருத்தருக்கும் பயமில்லை. குரல் கேட்டதும் ஜன்னலை ஒருதரம் பார்த்துவிட்டுக் குனிந்துகொள்வார்கள். அரண்டவன் கண்ணுக்குத்தானே இருண்டதெல்லாம் பேய்!

ராத்தூக்கம் போனது. சோறு இறங்கவில்லை. இந்த வேலையே வேண்டாம் என்று கடிதம் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மறுநாள் சிவப்புப் பேனாவோடு வந்தார்.

"பதிமூணு!"

"உள்ளேன் ஐயா."

"பதினஞ்சு!"

பதினைந்தாம் எண்காரன் எழுந்து நின்று தலையைச் சொறிந்தான். "சார், பதினாலை விட்டுட்டீங்க."

"அவ பேரை இன்னைக்கு அடிக்கப் போறேன். இனிமே கூப்பிட மாட்டேன்" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி.

ஜன்னலுக்கு வெளியே தகர டப்பா ஒன்று விழுந்து உருளும் சத்தம் கேட்டது. கையில் பேனாவோடு ஓடினார்.

ஜன்னலடியில் சுவரோடு சுவராக அந்தப் பெண்ணின் அம்மா உட்கார்ந்திருந்தாள். மடியில் மகளின் புத்தகப்பை. காலடியில் சாப்பாட்டு டப்பா திறந்து கிடந்தது. தினமும் பதில் சொன்ன குரல் எதுவென்று அவருக்குப் புரிந்தது. காறித் துப்பப் போகிறாள் என்றுதான் நினைத்தார்.

"நான்தாம்மா அவளைத் திருப்பி அனுப்பினேன். என்னை எது வேணா சொல்லுங்க. இனிமே நான் இந்த ஊர்லயே இருக்க மாட்டேன்."

அவள் எழுந்து, சிவப்புப் பேனா இருந்த கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"பேரை மட்டும் அடிச்சிடாதீங்க சார். அவ பள்ளிக்கூடத்துல இருக்கான்னு நெனச்சுக்கிட்டுத்தான், நான் இன்னும் ஆத்துல எறங்காம இருக்கேன்."