கடன் வாங்காத குற்றம்

“எங்க ஊட்டுச் சோத்தைத் தின்னு படிச்ச பையனுங்க உங்க மகன். அதையெல்லாம் மறந்துபோட்டானா?”

காளிச்சாமி குழந்தையம்மாளைப் பார்த்துக் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்தவளை வழியிலேயே மறித்து, அன்னூர் அப்துல் மஜீதின் எஸ்.டி.டி. பூத்துக்கு அழைத்து வந்திருந்தார்கள் அவரும் அவர் மருமகள் கயல்விழியும்.

“அண்ணா, எம் மகன் அப்படிப்பட்டவன் இல்லீங்க” என்றாள் மெதுவாக.

“அதை அவன் வாயாலயே சொல்லட்டுமுங்க. எங்க கொரலைக் கேட்டாலே போனை வெச்சுப்போடறான். பெத்தவ கூப்பிட்டா பேசித்தானே ஆகோணும்?”

கயல்விழிக்குப் பேசினால் அழுதுவிடுவோம் என்று பயம். அவ்வளவு ஆத்திரம்.

அவள் புருஷன் ரூபன், ரெண்டாயிரமாம் வருஷம் பிறப்பதற்குள் கம்ப்யூட்டர்களைச் சரிபண்ணுகிற வேலைக்கு அமெரிக்கா போனவன். இன்னும் நாலு பேரோடு ஒரே அறையில் படுத்துக் கிடக்கிறான். தனி வீடு பிடித்தால்தான் இவளை அழைத்துக்கொள்ள முடியும். வீட்டுக்காரர்களோ, ‘இதுவரைக்கும் கடன் வாங்கி ஒழுங்காகக் கட்டியிருக்கிறாயா, காட்டு’ என்கிறார்கள். கிரெடிட் கார்டு இருந்தால்தான் அதைக் காட்ட முடியும். அதைக் காட்டினால்தான் கிரெடிட் கார்டே கொடுப்பார்களாம். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்கிற கதை.

காளிச்சாமி மின்வாரியத்தில் லைன்மேன். யாரிடமும் கைநீட்டாத குடும்பம் என்பதில் தலைகால் புரியாத பெருமை. கூட்டுறவு சங்கத்தில் ‘பாக்கி ஏதுமில்லை’ என்று சர்டிபிகேட் வாங்கி, மகனுக்கு ஏர்மெயிலில் அனுப்பியும் வைத்தார். கடனே வாங்காததுதான் குற்றம் என்று சொல்லிவிட்டது அந்த ஊர் பேங்க்.

மிச்சமிருந்தது ஒரே வழி. அதே ஊரில் மூன்று வருஷமாக இருக்கும் குழந்தையம்மாள் மகன் பிரான்சிஸ் தன் கார்டில் ரூபன் பேரையும் சேர்த்துவிட்டால் போதும். பழைய ஆளின் நல்ல பேர் புது ஆளுக்கும் வந்துவிடும். காசா பணமா? ஆனால் ‘முடியாதுடா’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான் பிரான்சிஸ்.

ஆவணியில் கிளம்பிவிடலாம் என்று பெட்டி கட்டி வைத்திருந்தாள் கயல்விழி.

மஜீத் நம்பரைப் போட்டுக் கொடுத்தார்.

“கண்ணு, நல்லா இருக்கியா? இவங்க என்னென்னமோ சொல்றாங்க...” குழந்தையம்மாள் முடிப்பதற்குள் கயல்விழி ரிசீவரை வாங்கிக்கொண்டாள். அந்த அம்மாள் வெளியே நகர்ந்ததும் கண்ணாடிக் கதவைச் சாத்தினாள்.

“அண்ணா, நான் கயல்விழி பேசறனுங்க. உங்க பேருகூட எங்க ஊட்டுக்காரர் பேரு சேர்ந்தா உங்களுக்கு என்ன கொறைஞ்சு போகுதுங்க?”

மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. எதிர்முனையில் பிரான்சிஸ் குரலைத் தாழ்த்தினான்.

“அம்மா பக்கத்துல நிக்குதுங்களா?”

“வெளியே நிக்கறாங்க. கதவு சாத்தியிருக்குது.”

“நான் பேசறது அவங்க காதுல உழுகாதுங்களே?”

“உழுகாது. சொல்லுங்க.”

“எனக்கு ஒண்ணும் கொறையாதுங்க அம்மணி. கொறையறது அவனுக்குத்தான். சித்திரையிலயே எனக்கு வேலை போயிருச்சு. அம்மா வெசனப்படுமேன்னு கார்டுல பணம் எடுத்து எடுத்து ஊட்டுக்கு அனுப்பிட்டிருந்தேன். திருப்பிக் கட்ட முடியல. இப்ப இந்த ஊர்ல எந்த பேங்க்குலயும் எம் பேரு செல்லாதுங்க. என்ற கார்டுல ரூபனைச் சேர்த்தா, இந்தக் கெட்ட பேரு அவனுக்கும் ஒட்டிக்கும். அப்புறம் லேசுல போகாது.”

“இதை அவருகிட்டயே சொல்லியிருக்கலாமுங்களே?”

“அவனுக்குத் தெரிஞ்சா உங்க மாமனுக்குத் தெரியும். மாமனுக்குத் தெரிஞ்சா அப்பவே எங்கம்மாளுக்கும் தெரியும்.” சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு வரவில்லை. “பேங்க்குல கொஞ்சம் டெபாசிட் கட்டினா, அதை ஈடா வெச்சுட்டு ஒரு சின்ன கார்டு தருவாங்க. ஒழுங்காக் கட்டிட்டு வந்தா அவனுக்குன்னு ஒரு நல்ல பேரு வந்துரும். அப்படிச் செய்யச் சொல்லுங்க. என்ன, தை மாசம் வரைக்கும் நீங்க பொறுக்கோணும்.”

ஆவணிப் பயணம் தைக்குத் தள்ளிப் போனது. ஆனாலும் அவள் கண் நிறைந்தது அதற்காக இல்லை.

“பொறுத்துக்கறனுங்கண்ணா. நீங்க நேரத்துக்குச் சாப்பிடுங்க” என்று ரிசீவரை வைத்தாள்.

வெளியே நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். குழந்தையம்மாள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு இவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ன அம்மணி சொல்றான் அந்த நன்றி கெட்டவன்?” என்றார் காளிச்சாமி, எல்லார் காதிலும் விழும்படி. “பேரைச் சேர்க்கறானா, இல்லியா?”

கயல்விழி குழந்தையம்மாள் பக்கத்தில் போய் நின்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணன் சேர்க்கறேன்னுதான் சொன்னாராமுங்க. வேண்டாம்னு வீம்பு பண்ணிப்போட்டு, நம்மகிட்டப் பழியை அவரு மேல போட்டது உங்க மகன்தானுங்க மாமா.”