நாற்பத்தேழாவது புள்ளி

என் கணவர் நூமான் இறப்பதற்கு முன் கடைசியாக அளந்த குடிநீர்க் குழாய் வரைபடத்தை, அலுவலகக் கணினியில், எங்கள் கடலோர ஊரான காபெஸின் நகர வரைபடத்தின்மேல் பொருத்தினேன். குழாய் முழுவதும் கடலில் போய் விழுந்தது.

"மீனுக்கா அக்கா தண்ணி விடுறீங்க?" என்றான் பக்கத்து மேசை லசாத்.

எந்த ஆயத்தொலைவு முறையில், அதாவது எந்த இடத்தைத் தொடக்கமாக வைத்து அளந்தார் என்று நூமான் ஒருநாளும் எழுதிவைத்ததில்லை. நான் இருபது வருஷம் சண்டை போட்டும் கேட்டதில்லை. மூன்றாவதாக நான் முயன்ற முறையில் அவர் அளந்த புள்ளிகளெல்லாம் கரையேறிச் சாலையோரம் வந்து நின்றன.

அவருடைய குறிப்பேட்டில் நாற்பத்தாறு புள்ளிகள். திரையில் நாற்பத்தேழு. கடைசிப் புள்ளி எங்கள் வீட்டுச் சமையலறையில், அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தது. உயரத்தைக் கணக்குப் பார்த்தேன். எங்கள் மூன்றாம் மாடித் தரையிலிருந்து ஒரு மீட்டர் அறுபத்திரண்டு சென்டிமீட்டர். நூமான் நின்றால் அவர் கண் இருக்கும் உயரம். தினமும் காலையில் அங்கேதான் நின்றுகொண்டு, காப்பி ஆச்சா ஆச்சா என்று என்னை விரட்டுவார்.

"தப்பான புள்ளிக்கா. அழிச்சிடுங்க."

"இருக்கட்டும்டா. குழாய்க்கு அதால என்ன இடைஞ்சல்?"

அடக்கத்தன்று மடக்கிவைத்த அவருடைய நாற்காலியை அன்று மாலை விரித்து, அடுப்புப் பக்கத்தில் போட்டேன். "இனிமேலாவது உக்காந்து குடிங்க" என்றேன்.

மறுநாள் அலுவலகத்தில் வரைபடக் கோப்பைத் திறந்தேன். நாற்பத்தேழாவது புள்ளி அதே இடத்தில்தான் இருந்தது. உயரம் மட்டும் நாற்பத்திரண்டு சென்டிமீட்டர் குறைந்திருந்தது.